லேனாவின் பயணத்தைத் தடுத்தவன்

லேனா என்ற பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியவன் நான்தான். அவள் தன்னைப் பெற்ற தாயிடம் ஒரு வருடம் பிந்திப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணமும் நான்தான். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை... என் மனைவிக்குக்கூட!

இதை வாசிக்கும் உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை. நீங்கள் யார், இதை யாரிடம் கொண்டுபோய் ஒப்பிப்பீர்கள் என்ற எண்ணம் எழுதும்போதே குடைகிறது. என்ன செய்ய? சந்தேகப்பட்டே பிழைத்தவன் நான்.

சமூகவியல் படித்தவன். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அல்பர்ட்ஸ்லுண்டில் வீடு. கொரியாவில் பிறந்து, குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு, டெனிஷ் பெயரோடு டெனிஷ் பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை யார் என்று நினைக்கிறார்கள்? இதுதான் என் ஆராய்ச்சி. பாதி வாழ்க்கையை அதில் செலவழித்திருக்கிறேன்.

ஹேர்னிங் நகரத்தில், எங்கள் இலங்கைத் தமிழர் கோயிலில் ஒருமுறை பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என்னை மறித்தார். "தம்பி, எங்கட சனத்தை விட்டிட்டு ஏன் உந்தக் கொரியாக்காரரைப் பிடிச்சனீர்?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையை உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் நான் வாய் திறக்கும் முன்பே கேள்வி தொடங்கிவிடும். எந்த ஊர், ஆரின்ர மகன், தாய் எந்தப் பகுதி... கொரியாக்காரர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். கேட்பவனாக மட்டும் இருப்பதில்தான் எவ்வளவு சுகம்!

கேட்கப் பழகியது வேறோர் இடத்தில். மாணவனாக இருந்தபோது அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். ஒரே மாதத்தில் மூன்று தமிழ் இளைஞர்கள் ஒரே கதையைச் சொன்னார்கள். அதே வெள்ளை வான், அதே கிணற்றடி, அதே வெட்டுக் காயமுள்ள சிப்பாய். பயணம் ஒழுங்கு செய்த முகவன் பாடமாக்கிக் கொடுத்த கதை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து யார் பேசினாலும் இதை முன்பு எங்கே கேட்டேன் என்றுதான் காது தேடும்.

அந்த மூவரில் ஒருவன் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டியபோது சட்டைக் கை விலகியது. முழங்கை வரை ஷெல் துண்டு கிழித்த தழும்பு. அதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொந்தக் கதையை விட முகவனின் கதை எடுபடும் என்று நம்பியிருந்தான். அதைக் கண்ணால் கண்டும் நான் கற்றது பாதிதான். ஒரே கதை என்றால் பொய் என்று கற்றேன். யாருடைய பொய் என்று கேட்கக் கற்கவில்லை.

இனி லேனா.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மறதி நோய் வந்தவர்களைக் குளிக்க வார்ப்பதும் உணவு ஊட்டுவதும் அவள் வேலை. நாற்பதைத் தாண்டிய வயது, பிள்ளைகள் இல்லை. அவள் சமையலறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, உங்கள் ஆரம்பம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். ஒரு பனிக்காலக் காலையில் பொலிஸ் நிலையத்துப் படியில் கிடந்தாளாம். பச்சைப் போர்வை. சட்டைப்பையில் பிறந்த நேரம் எழுதிய காகிதத் துண்டு. அதிகம் அழாத குழந்தை... ஒரு தடுமாற்றம் இல்லாமல், கண் கலங்காமல், நேர்த்தியாகச் சொல்லி முடித்தாள்.

அதே படி, அதே போர்வை, அதே துண்டு! இரண்டு மாதங்களுக்கு முன் ஓல்போர்க்கில் யேன்ஸ் என்ற பொறியியலாளர் இதே கதையை எனக்குச் சொல்லியிருந்தார். அவரும் கொரியாவில் பிறந்தவர். சொல்லும்போது கண் கலங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தத்துப் பிள்ளைகள் சங்கத்தின் ஒன்றுகூடல் படம். இரண்டாம் வரிசையில் லேனா, பின்னால் யேன்ஸ். போதாதா? அவருடைய கதையை இவள் எடுத்துப் போர்த்திக்கொண்டாள் என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஏன் அவளை? ஏன் அவரை இல்லை? இந்தக் கேள்வியை இப்போது ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். அவர் முதலில் சொன்னார் என்பதாலா? அவர் அழுதார், இவள் அழவில்லை என்பதாலா? அவர் படித்தவர், இவள் முதியோருக்குக் கஞ்சி ஊட்டுகிறவள் என்பதாலா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் கண்ணைப் பற்றி எனக்கு அன்று ஐயமே வரவில்லை.

கேளுங்கள், இதைவிடக் கேவலம் இருக்கிறது. லேனா எழுந்து நின்று, "தத்துக் கொடுத்தபோது இதையெல்லாம் எழுதி அனுப்பிய தாள் மேலே அலுமாரியில் இருக்கிறது, எடுத்துவரட்டுமா?" என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிறது, தேவையில்லை என்றேன். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது!

எட்டு வயதிலிருந்து அந்தத் தாளை வாசித்து வாசித்து மனப்பாடம் ஆக்கியவள் அவள். அதனால்தான் தடுமாறவில்லை. அதை நான் அறிந்துகொண்டது மிகப் பிந்தி.

அன்று பின்னேரம் என் மனைவி சுகந்தி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஆட்களின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு கள்ளத்தைப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் ஒரே கதை சொன்னால் அதில ஒராள் கள்ளம் எண்டு ஏன் நினைக்கிறியள்? எழுதிக் குடுத்தவன் ஒரே கதையை ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கலாம்தானே?"

"உமக்கு உது விளங்காது" என்றேன். அவள் திரும்பிப் புட்டுப் பானையின் மூடியைத் திறந்தாள்.

சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நாலைந்து பேரைக் கொரியாவுக்கு அனுப்பும். பழைய கோப்புகளைத் தேடி எடுக்கவும், மொழிபெயர்க்கவும் அங்கே ஆள் ஒழுங்கு செய்வார்கள். தனியே போனவர்கள் கதவில் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியதுதான் மிச்சம். அந்த வருடம் கடைசியாக ஓர் இடம். கேட்டவர்கள் இரண்டு பேர், யேன்ஸும் லேனாவும். நான் சங்கத்துக்கு ஆலோசகன். ஒரு கருத்தரங்கின் கோப்பி இடைவேளையில் தலைவி என்னிடம் வந்து, யாரை அனுப்பலாம் என்று மெல்லக் கேட்டார்.

"லேனாவின் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான். நேர்காணலில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் கையெழுத்தின் மை காயுமுன்பே சொல்லிவிட்டு, கேக் துண்டொன்றை எடுத்துக்கொண்டு என் இருக்கைக்குப் போனேன்.

யேன்ஸ் போனார். அங்கே கோப்பைத் திறந்தபோது எல்லாம் வெளிச்சமாகியது. படியுமில்லை, போர்வையுமில்லை! தத்துக் கொடுத்த நிறுவனம் ஒரே ஆரம்பக் கதையைப் பல குழந்தைகளுக்குப் படியெடுத்து அனுப்பியிருந்தது. உள்ளே கிடந்த அசல் தாளில் தாயின் பெயர், ஊர், எல்லாம் இருந்தன. சுகந்தி புட்டுப் பானைக்கு முன்னால் நின்று சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அடுத்த வருடம் லேனா போனாள். அவளுக்கும் ஒரு தாய் இருந்தாள், உயிரோடு! கடற்கரை ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில். மறதி நோய் முற்றி, பேச்சு நின்றிருந்தது. கூட இருந்த தாயின் தங்கை சொன்னாளாம்: "போன வருடம் வந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பா. உன்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தா."

லேனா இரண்டு கிழமை அங்கே நின்று, தன் தாய்க்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தாள். எப்படி ஊட்டுவது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டுரை எழுதினேன்! ஒரே ஆரம்பக் கதை பல தாள்களில் திரும்ப வருவதை முதன்முதலில் கவனித்தவன் நான் என்று எழுதினேன். அது பொய்யல்ல; கவனித்தேன்தானே... கட்டுரையின் முதல் வசனம் சுகந்தி கேட்ட கேள்வி. அவள் பெயரை அடிக்குறிப்பில்கூடப் போடவில்லை. அந்தக் கட்டுரைதான் எனக்குப் பேராசிரியர் பதவியை வாங்கித் தந்தது. ஹேர்னிங்கில் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சுகந்தி அதை மடித்து வைத்துக்கொண்டே, "நான் அண்டைக்குச் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறியள்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வேறு ஏதாவது இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கவனித்தவன் ஏன் அந்த ஒரு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தான்? இந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அறிஞர்கள் நிறைந்த சபையில் ஒருவர்கூட! யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு முறை கை உயரும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

பதவியேற்பு உரைக்கு லேனா வந்தாள். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து நாலு மணி நேரம் ரயிலில். எல்லோரும் போகும் வரை காத்திருந்து கிட்ட வந்து, என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் மட்டும் அந்தத் தாள்களைச் சந்தேகப்பட்டிராவிட்டால் தன்னைப் போன்றவர்களை உலகம் நம்பியிருக்காதாம். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது!

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த வருடம் என் கதையை நம்ப முடியாது என்று யாரோ தலைவியிடம் சொன்னார்களாம். பெயரைச் சொல்ல மறுக்கிறார். கடைசி இடம் யேன்ஸுக்குத்தான் கிடைத்தது. யேன்ஸ்தானே சொன்னது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனாலும் இன்னொருவன் தலையில் விழாத பொய். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டு, "அதைப் பற்றி நான் பேசக் கூடாது, லேனா" என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். நான் இரகசியம் காப்பவன், கேட்டது தன் பிழை என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். பதில் தனக்குக் கிடைத்துவிட்டது என்ற முகத்தோடு போனாள்.

அவளுக்கு இந்த நாட்டில் அண்ணன் போல இருந்தது யேன்ஸ் ஒருவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குத்தான் போவாளாம். இந்த வருடம் போகவில்லை.

மூன்று கிழமைக்கு முன் யேன்ஸிடமிருந்து ஒரு மின்னஞ்சல். லேனா தொலைபேசியை எடுப்பதில்லையாம், வாசலுக்குப் போனால் கதவைத் திறப்பதில்லையாம். தான் என்ன பிழை செய்தார் என்று அவருக்கு விளங்கவில்லையாம். எங்கள் இருவரையும் நன்கு அறிந்தவர் நீங்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

நேற்றும் அதைத் திறந்து வாசித்தேன். வாசித்துவிட்டு, இன்னும் வாசிக்காதது என்று குறித்து மூடிவிட்டேன்.