குருவம்மாளுக்குப் பிடிமண்

சிவனணைந்தபெருமாள் வேளாருக்குத் தென்காசி வட்டாரத்தில் இரண்டு வகை வேலை இருந்தது. சாரல் காலத்துக்கு முன்பு குற்றாலத்துப் பங்களாக்களுக்குத் தண்ணீர்ச் சாடிகளும் பூந்தொட்டிகளும் செய்வார். மற்ற மாதங்களில் கோயில்களுக்கு ஆளுயர மண்சிலைகள். சிலை வேண்டியவர்கள் தங்கள் நிலத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துவந்து வேளார் கையில் கொடுப்பார்கள். அந்தப் பிடிமண்ணை மறுக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

ஒரே மகள் குருவம்மாள். இலஞ்சியில் தோப்பும் வயலும் வைத்திருந்த குத்தாலிங்கம் வீட்டில் வேலைக்கு நின்றாள். 1931 ஆவணியில் அந்தத் தோப்புக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். குத்தாலிங்கத்தின் மகன் நல்லகண்ணுதான் காரணம் என்று ஊர் முழுக்கத் தெரியும். தண்ணீர் இறைக்கும்போது கால் வழுக்கியது என்று போலீசில் எழுதி முடித்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

மூன்று வருஷத்தில் அந்த வீட்டு உழவு மாடுகள் அடுத்தடுத்துச் செத்தன. நல்லகண்ணுவின் மனைவிக்கு இரண்டுமுறை கரு கலைந்தது. கிணற்றில் விழுந்தவள் இடம் கேட்கிறாள், சிலை வைத்து வருஷந்தோறும் கொடைவிழா கொடுங்கள் என்று சாமியாடி சொல்லிவிட்டார்.

குத்தாலிங்கமே பிடிமண்ணோடு வந்தார்.

"வேளாரே, நடந்தது நடந்துபோச்சு. ஒம்ம மக எங்க வீட்டுக்குத் தெய்வமா இருக்கட்டும்."

வேளார் கையை நீட்டவில்லை. "கடையத்துல சில செய்ற ஆளுக இருக்காவ. அங்கன போங்க ஐயா."

அவர் மனைவி மாடத்தி வந்து முந்தானையை விரித்து மண்ணை வாங்கிக்கொண்டாள். குத்தாலிங்கம் புறப்படும்போது, "கையில பிள்ள வேண்டாம். கோரப்பல்லு வச்சிரும்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் வேளார் கேட்டார். "ஏட்டி, எதுக்கு வாங்குன?"

"எம்பிள்ளைக்கு ஒரு எடம் வேண்டாமா? வேற ஆளு செஞ்சா அவ மூஞ்சி வருமா?"

வேளார் உமி கலந்த மண்ணைப் பாதத்திலிருந்து வளையம் வளையமாக ஏற்றிக் கழுத்துவரை வந்துவிட்டார். முகத்தில் கை நின்றது. எத்தனையோ அம்மன் முகங்கள் செய்தவருக்கு மகள் முகம் பிடிபடவில்லை.

"மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தா?"

"பெத்தவருக்கு அதுவும் தெரியல" என்றாள் மாடத்தி. "எடப்பக்கம்."

கோரைப்பல் வைக்கவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்தார்.

சிலையைத் தூக்க வந்த அன்று குத்தாலிங்கம் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். கூட்டத்தின் முன்னால் சிலையை வண்டியில் ஏற்றச் சொன்னார். மறுநாள் சிலைக்குக் கண் திறக்க வேளாரும் மாடத்தியும் தோப்புக்குப் போனார்கள். பிள்ளையைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் பூசியிருந்தார்கள். அதை அணைத்திருந்த கையில் ஒரு சூலாயுதம்.

"கொண்டுவரையில ஒடஞ்சிபோச்சு" என்றார் குத்தாலிங்கம். பக்கத்தில் நல்லகண்ணு பட்டுடுத்திக் கும்பிட்டபடி நின்றான்.

வேளார் திரும்பத்தான் நினைத்தார். மாடத்தி கண்ணை மூடிக் கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். மையைத் தொட்டுக் கண்ணைத் திறந்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுவருஷம் நல்லகண்ணுவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அம்மன் கொடுத்தாள் என்றார்கள். வேளார் அதற்குப்பின் யாரிடமும் பிடிமண் வாங்கவில்லை. பங்களாக்களுக்குச் சாக்கடைக் குழாய்கூடச் செய்தார், சிலை செய்யவில்லை. சிலைசெய்த வீட்டுக்கு முதல் திருநீறு என்று கொடைக்குக் கூப்பிடுவார்கள். மாடத்தி போவாள். அவள் கொண்டுவரும் பொங்கலை அவர் தொடமாட்டார். அந்த ஒருநாள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

1946 மழையில் தென்னை சாய்ந்து சிலை நொறுங்கியது. கடையத்தில் சொல்லிப் புதிது வைத்தார்கள். கொடைக்குப் போன மாடத்தி சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"கோரப்பல்லும் உருட்டுமுழியுமா நிக்கி. அது நம்ம பிள்ள இல்ல."

"முன்ன நின்னது மட்டும் நம்ம பிள்ளையா?" என்றார் வேளார்.

மாடத்தி அடுத்த வருஷமும் வளையல் வாங்கிக்கொண்டு போனாள். குருவம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு வேறு இடம் இல்லை.