சித்தி நனையாத அருவி

சித்தப்பாவின் ஸ்டூடியோவில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. பாறையில் விழுந்து புகையாய்க் கிளம்பும் அருவி, அதன் முன்னால் சித்தி. அத்தனை சாரலிலும் அவருடைய பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் நிற்கும். தலையில் வைத்த மல்லிகையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஸ்டூடியோவுக்குள் நீலத் துணியின் முன் நிறுத்தி எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி, தான் குடகு மலையில் எடுத்த அருவியின் மேல் ஒட்டியிருந்தார் சித்தப்பா. கல்யாண ஆல்பத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாஜ்மகாலுக்கு அனுப்புகிற அதே வேலைதான். வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு மனைவிக்கு அவர் கொடுத்த பரிசு அது. பரிசாம்! தூ.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. திண்டுக்கல்லில் புழுதிக்காற்று அடிக்கும் அந்த மாதத்தில் மற்ற போட்டோக்காரர்கள் எல்லாம் வீட்டில் படுத்துத் தூங்குவார்கள். எங்கள் சித்தப்பா மட்டும் கலைஞராகிவிடுவார். முக்காலி, மழைக்கோட்டு, கேமராவுக்குப் போர்த்தப் பாலிதீன் பை, அட்டை கடிக்காமல் காலில் தேய்த்துக்கொள்ளப் புகையிலை, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு சிநேகிதர்களோடு குடகுக்கும் வயநாட்டுக்கும் போவார். அங்கிருந்து கீழே இறங்கி மங்களூர்ப் பக்கம் கொந்தளிக்கிற கடலையும் ஒரு கை பார்ப்பார். திரும்பி வந்ததும் அளப்பு ஆரம்பமாகும். தண்ணீர் பால் மாதிரி வழிய ஷட்டரை எப்படித் திறந்து வைத்தார், மேகம் விலகும் வரை ஒரு மலைக்காக எப்படிக் காத்துக்கிடந்தார் என்று கேட்பவர் காதில் ரத்தம் வரும் வரை விடமாட்டார். "இந்த வறட்டு ஊர்ல கண்ணு இருந்தும் என்ன பிரயோசனம்" என்று முடிப்பார். அந்த வறட்டு ஊரில்தான் சித்தி பகலெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கடையை ஓட்டிவிட்டு, சாயங்காலம் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். படங்கள் என்னவோ நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சித்திக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு தடவை அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்க வேண்டும். ஆடிக்கு ஆடி கேட்பார். "செத்த இருங்க, நானும் வாரேனே." அவரும் ஆடிக்கு ஆடி ஒரே பதில்தான் சொல்வார். "அங்க பொம்பளைகளுக்கு வசதிப்படாது. அதான் படம் பிடிச்சிட்டு வாரேன்ல, பாத்துக்க." கேட்டுக் கேட்டுச் சலித்த மனுஷியின் வாயை அடைக்கத்தான் அந்த ஒட்டுப் படம். கடைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஐஸா இருந்துச்சா மதினி?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, அம்புட்டுக் குளிர்ச்சி" என்பார். புருஷன் பீற்றிக்கொண்ட பெருமைக்குப் பெண்டாட்டி பொய் சொல்ல வேண்டியிருந்தது.

போன ஆடியில் எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் சேர்ந்து குற்றாலத்துக்கு வேன் பிடித்தோம். சித்தியும் பேர் கொடுத்தார். சித்தப்பா குதித்தார். "நீ ஏற்கெனவே அருவிக்குப் போயிட்டு வந்தவன்னு ஊரே நெனச்சுக்கிட்டிருக்கு. அங்க போயி மொதத் தடவ பாக்குற மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு நின்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்?" அடேயப்பா, என்ன மானம்! சித்தி ஒரு துண்டையும் மாற்றுச் சேலையையும் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். மதுரை தாண்டுவதற்குள் அவரே பக்கத்து சீட்டு அக்காவிடம் வாயைத் திறந்தார். "அது ஒட்டுன படம்க்கா. நான் இந்நாள் வரைக்கும் ஒரு அருவியும் பாத்ததில்ல." பின்சீட்டுப் பூக்காரம்மா, "அடிப்பாவி, அம்புட்டுக் குளிர்ச்சின்னியே!" என்று கத்த, சிரிப்பு அடங்க விருதுநகர் ஆகிவிட்டது. குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் சித்தி போய் நின்றதுதான் தெரியும். வீட்டில் குரல் உயர்த்தியே அறியாதவர் அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்று ஓவென்று கத்தினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா விசிலடித்தும் வெளியே வரவில்லை. உதடெல்லாம் நீலம் பூத்த பிறகு நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வேனில் நடந்த பேச்சு இரண்டு நாளில் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்தாலும் கடலைப் பார்த்தாலும், "இதும் ஒட்டுனதாண்ணே?" என்கிறார்கள். சித்தப்பா சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்கிறார். வேட்டியைத் தூக்கி அட்டை கடித்த தழும்பைக் காட்டுகிறார். "கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியும்பீக" என்று எதிர்க்கடைக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். இத்தனை வருடம் மனுஷன் உண்மையிலேயே மழையில் நனைந்துதான் எடுத்தார், எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

சென்ற வாரம் நான் கடையில் இருந்தபோது ஒருவர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. உள்ளே ஒரு பெரியவருக்குச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்த சித்தியைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார். "ஏ, நீயாச்சும் சொல்லு. நான் அங்கெல்லாம் போனேனா, இல்லையா?"

சித்தி திரும்பக்கூட இல்லை.

"எனக்கு எப்படிங்க தெரியும்? என்னைய எங்க கூட்டிட்டுப் போனீங்க?"