பதினொன்றா, ஏழா?

ஓசூரில் ஒரு வாக்குவாதம் தொடங்கிய மொழியிலேயே முடிந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் தெலுங்கில் ஆரம்பிப்பார்கள், சூடு ஏறினால் கன்னடத்துக்குப் போவார்கள், என்னைக் கண்டதும் பாவம் பார்த்துத் தமிழுக்கு வருவார்கள். கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து ஒன்பது வருடமாகிறது. மார்கழியில் மதியம் வரை ஸ்வெட்டரைக் கழற்றாத ஊர் இது என்று சொன்னால் அங்கே இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். கரிசல் வெயிலில் காய்ந்த எனக்கு அந்தக் குளிர்கூடப் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் மூன்று மொழியிலும் என் பெயர் அடிபட்டது புதிது.

விஷயம் ஹாக்கி. கோவில்பட்டிக்காரன் என்றால் இங்கே முதலில் கடலைமிட்டாய் கேட்பார்கள், அடுத்து ஹாக்கிக்குப் பேர்போன ஊர்க்காரன் என்று மட்டையைக் கையில் கொடுப்பார்கள். அப்படித்தான் நாற்பத்திரண்டு வயதிலும் கம்பெனி அணியின் முன்வரிசையில் நிற்கிறேன். கிருஷ்ணகிரியில் இறுதிப் போட்டி. எதிரணி பலமானது, அதனால் முன்னால் இரண்டே பேர், மற்றவர்கள் எல்லாம் தடுப்புக்கு என்று எங்கள் கேப்டன் நாகராஜ் முடிவு செய்துவிட்டான். ஓசூரை ஒட்டிய பாகலூர்ப் பக்கத்துக்காரன், எங்கள் லைன் லீடரும் அவன்தான். அந்த இரண்டில் ஓர் இடம் எனக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்ற இடத்துக்குத்தான் போட்டி. ஒருவன் சுடலைமுத்து, என் ஊர்ப் பையன். நான் சொல்லித்தான் இங்கே வேலைக்கு வந்தான், என் அறையில்தான் தங்கியிருக்கிறான். இன்னொருவன் முனிராஜ், இங்கே தொரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். அவன் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள், கம்பெனிக்குள் வந்த முதல் ஆள் அவன். இருவருக்குமே இதுதான் முதல் இறுதிப் போட்டி.

ஆட்டக் குறிப்பு எழுதும் நோட்டு என்னிடம் இருக்கிறது. எட்டு ஆட்டத்தில் சுடலை பதினொரு கோல், முனிராஜ் ஏழு.

“இதுல பேச என்னப்பா இருக்கு? பதினொண்ணு பெருசா, ஏழு பெருசா?” என்றேன்.

நாகராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “ஏங்ணா, நம்ம ஷிப்ட் போர்டுல அப்படியா எழுதறோம்? எத்தனை பீஸ்னு மட்டும் பாத்தா, அரை நாள் மெஷின் நின்னுபோனவன் கதி என்ன? எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு பக்கத்துலயே எழுதறோம் இல்ல?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இரண்டு மணிக்கு. முனிராஜுக்கு முதல் ஷிப்ட் இரண்டரைக்குத்தான் முடியும். யூனிபார்மோடு பைக்கில் வந்து இடைவேளைக்குப் பிறகுதான் இறங்குவான். எட்டு ஆட்டத்திலும் பாதி நேரம்தான். போதாததற்கு, சுடலையின் பதினொன்றில் நான்கு பெனால்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பரைத் தவிர எதிரே ஆளே கிடையாது. அதைக் கழித்தால் இவனுக்கும் ஏழு, அவனுக்கும் ஏழு.

நான் விடவில்லை. “இடைவேளைக்கு அப்புறம் எதிராளிக்குக் காலு ஓஞ்சு போயிருக்கும். இவன் தெம்பா வந்து எறங்குறான். மொத பாதியில அவங்கள ஓட்டி ஓய வச்சது யாரு? சுடலைதான?”

“எட்டு மணி நேரம் மெஷின்ல நின்னுட்டு வர்றவன் தெம்பா வரானா?” என்று நாகராஜ் கேட்டதும் கேண்டீனே சிரித்தது. பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னான். என்னவென்று கேட்டேன்.

“அந்தப் பையன் உங்க ஊரு இல்லன்னா இப்படிப் பேசுவீங்களான்னு கேட்டேங்ணா.”

சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். நான் ஓரமாக ஓடிப் பந்தை நடுவே தள்ளுகிறவன், அதைக் கோலாக்குகிறவன் என் நண்பன் செல்வம். தேர்வு செய்ய வந்தவர் காகிதத்தைப் பார்த்தார், “மூணு கோல்தானா?” என்றார், என் பெயரை அடித்தார். செல்வம் போனான். எனக்கு அழுகை வந்தது. என்றைக்காவது என் கையில் காகிதம் கிடைத்தால் இப்படிச் செய்யமாட்டேன் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். இப்போது காகிதம் கையில் இருக்கிறது, அதே காரியத்தைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் கேண்டீன் பலகையில் எல்லோர் முன்னிலையிலும் எழுதினேன். யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், ஸ்ட்ரோக்கை நீக்கினால் எத்தனை கோல், ஒவ்வொரு கோலுக்கும் கடைசியாகப் பந்து கொடுத்தது யார். எழுதி முடித்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. முனிராஜின் ஏழில் ஐந்துக்குப் பந்து கொடுத்தவன் சுடலை. சுடலையை உட்கார வைத்தால் முனிராஜுக்குப் பந்து வராது, முனிராஜை உட்கார வைத்தால் சுடலை தரும் பந்தைக் கோலாக்க ஆள் கிடையாது. முனிராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ணா, தப்பா நினைக்காதீங்க. இதுவரைக்கும் முன்னாடி ஆடினது மூணு பேரு. உங்க பேர எழுதலையே?”

எழுதினேன். எட்டு ஆட்டம், முழு நேரம், ஒரே ஒரு கோல். பந்து கொடுத்தவர் வரிசையிலும் என் பெயர் இல்லை.

“அந்த ஒண்ணும் அண்ணாச்சி மட்டையில தானா வந்து பட்டது,” என்றான் சுடலை. என் சோற்றைத் தின்கிற துரோகி! கேண்டீன் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே என் பெயரை நானே அடித்தேன். இந்த முறை அடித்தவன்மேல் எனக்குக் கோபமில்லை.

கிருஷ்ணகிரி மைதானத்தில் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாகராஜ் ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருந்ததால் முனிராஜ் முதல் நிமிடத்திலிருந்தே ஆடினான். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வலது ஓரத்திலிருந்து சுடலை பந்தைத் தள்ளினான், முனிராஜ் ஓடிவந்து கோலுக்குள் திருப்பிவிட்டான். அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது. நான் குதித்த குதியில் கேன் உருண்டு, பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போயிற்று.

ஆட்டம் முடிந்த கையோடு கோவில்பட்டியிலிருந்து செல்வம் போன் செய்தான்.

“ஏலே மாரி, ஜெயிச்சாச்சா? கோலு யாரு போட்டா? நம்ம பயலா?”

எதிரே இருவரும் தோளில் கைபோட்டு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முழங்காலிலும் ஒரே மண்.

“ஆமாலே, நம்ம பயதான்,” என்றேன்.

சுடலையா என்று அவன் கேட்கவில்லை. முனிராஜ் என்று நானும் சொல்லவில்லை.