இட்டேரியில் இல்லாத பாம்பு

போன வியாழக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். சத்துணவு அமைப்பாளர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், நாச்சிமுத்து ஐயா தவறிப்போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி யாரிடம் போய்ச் சொல்வேன் என்ற திகில்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். கார் வாங்க வசதி இருந்தும் செவலைக் குதிரையில்தான் சங்கத்துக்கு வருவார். அவர் தோட்டத்தைக் கடந்து பள்ளிக்குப் போக ஒரே வழி, இட்டேரி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கிளுவை வேலி. நடுவே ஒரு வண்டித் தடம். நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், அவருடைய குதிரை என எல்லோருக்கும் அதுதான் பாதை. பாதி வழியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது.

தாராபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம், குதிரைக்குப் பின்னால் சைக்கிளில் போய் மணியை விடாமல் அடித்தேன். அது துள்ளியது. திட்டு விழும் என்று நின்றேன். அவர் இறங்கி வந்து, "மணி வேண்டாமுங்க அம்மணி. பேசுங்க போதும். வாரது மனுசன்னு தெரிஞ்சா குதிரை பயப்படாதுங்க" என்றார்.

அதுதான் இட்டேரி முறை. சுமையோடு நடப்பவரைக் கண்டால் சைக்கிள்காரர் இறங்க வேண்டும். வளைவு வந்தால் எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும். அவரும் ஒவ்வொரு வளைவிலும் "குதிரை வாருதுங்கோ!" என்று கூவுவார். மந்திரி வருகிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாள். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தேன். சேலை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல்: "குதிரை வாருதுங்கோ! யாராச்சும் இருக்கறீங்களா?"

இந்தக் கோலத்தில் எப்படிப் பதில் சொல்வது? மரியாதையாக ஒதுங்கி நின்றால் போதும் என்று வேலியோடு ஒட்டி, சாக்கை முகத்துக்கு இழுத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் நின்றேன். வளைவு திரும்பிய குதிரை என்னைக் கண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. ஐயா விழுந்தார்.

சங்கத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தேன். "என்னுங்க ஆச்சு?" என்று அவர்கள் கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "பாம்புங்க. வேலிக்குள்ள இருந்து வந்துது. நல்லவேளை, பின்னால டீச்சர் வந்தாங்க."

தொடை எலும்பு முறிந்திருந்தது. அதன்பின் அவர் குதிரை ஏறவேயில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "ஐயா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "நான் எதையும் பார்க்கலீங்க அம்மணி. விட்டுப்போடுங்க" என்றார். என் மானத்தைக் காப்பாற்றினார். என்னை வசமாக மாட்டியும் வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அவரைப் பொய்யராக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் தினம் இரண்டு முறை அந்த வளைவைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் மகன் சிவசாமி அங்கே நின்று பாம்புக்காக வேலியை வெட்டுவார். நான் தலைகுனிந்து சைக்கிளை மிதிப்பேன்.

வெள்ளிக்கிழமை ஐயாவை இட்டேரி வழியாகத்தான் எடுத்துப் போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் முன்கூட்டியே போய் வளைவில் நின்றேன். பறைச்சத்தம் நெருங்கியது.

"நான் டீச்சருங்க! வேலியோரம் நிக்கறனுங்க!" என்று கத்தினேன்.

பறை நின்றது. கொள்ளிச்சட்டியோடு சிவசாமி வளைவு திரும்பினார்.

"பாம்பு இல்லீங்க தம்பி. அன்னிக்குச் சாக்கைப் போட்டுக்கிட்டுப் பேசாம நின்னது நாந்தானுங்க."

அவர் வேலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறு வருசமா இல்லாத பாம்புக்கு வேலி வெட்டிப்போட்டு இருக்கறனுங்களே டீச்சர்" என்றார். கொள்ளிச்சட்டியை ஏந்தியபடி நடந்தார்.

தடம் குறுகல். பாடையின் மூங்கில் என் தோளை உரசிக்கொண்டு போனது. நான் அழுதுகொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வழி விட்டுட்டனுங்க ஐயா. நீங்க போங்க."