ஏறாத பன்னிரண்டு படிகள்

சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடுவதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்துவிட்டார் சம்மன்காரர். இருபத்தாறு வருடமாக அதே நீதிமன்றத்தின் சம்மன்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். காகிதத்தைக் கண்டதும் மனிதர்களின் முகம் வெளுப்பதைத் தினமும் பார்த்தவர். இன்று தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு நாய்க்கடியார் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டு நாய் கெண்டைக்கால் சதையைப் பிடுங்கிவிட்டது. அதிலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டாலே கால் தானாகப் பின்வாங்கும். ஆள் இல்லாவிட்டால் சம்மனைக் கதவில் ஒட்டி, அக்கம்பக்கத்தார் இருவரிடம் கையெழுத்து வாங்கிவரலாம் என்பது விதி. நாய் இருக்கிற வீடுகளுக்கு அவர் ஒட்டாமலேயே 'ஒட்டினேன்' என்று எழுதிவிடுவார். டீக்கடைக்காரர் ஒரு கையெழுத்து, இஸ்திரிக்காரர் ஒரு கையெழுத்து, முடிந்தது வேலை. பெரும்பாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு எப்படியோ சேதி எட்டிவிடும். அதனால் யார் குடியும் கெட்டதில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தையல்காரப் பெண்ணின் வழக்கில் வசமாக மாட்டினார்.

அப்பா விட்டுப்போன மாடிவீட்டில் அவள் ஒரு நாயோடு தனியாக இருந்து துணி தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கத் தனக்கே என்று அண்ணன்காரன் வழக்குப் போட்டான். சம்மன் கைக்கு வராததால் வழக்கு நடப்பதே அவளுக்குத் தெரியாது. வராதவள் மேல் தீர்ப்பாகி, காலிசெய்யச் சொல்லி ஆட்கள் மாடியேறி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அவள் மனுப் போட்டாள். சம்மன்காரர் வாயைத் திறந்து சொல்லப்போவதை வைத்துத்தான் இனி அந்த வீடு.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி மனைவி கேட்டாள்.

"பொய்யா எழுதினதுக்கு ஜெயில் உண்டா?"

"உண்டு. வேலையும் போயிடும்."

"நீங்க மறைச்சிட்டா?"

"அந்தப் பொண்ணு தெருவுக்கு வந்துடும்."

"நல்லா வாச்சீங்க எனக்கு!" என்று இஸ்திரிப்பெட்டியை டக்கென்று நிமிர்த்தி வைத்தாள். "ரெண்டுல எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து சேருங்க. எனக்கு வேற ஆளு இல்ல."

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அண்ணன்காரனின் வக்கீல் அவர் தோளில் கைபோட்டார். "என்ன நாய்க்கடியாரே, குளிர்க் காய்ச்சலா? ஒட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க. ஓய்வுக்குப் பதினோரு மாசம்தானே இருக்கு? கெடுத்துக்காதீங்க."

கூண்டில் ஏறினார். பெண்ணின் வக்கீல் நரைத்த மனிதர், அவசரமே இல்லாமல் கேட்டார்.

"மாடிக்கு ஏறினீங்களா?"

"ஏறினேன்."

"எத்தனை படி?"

"பன்னிரண்டு."

அது சரியான எண்தான். கீழேயே நின்று, மேலே குரைத்துக்கொண்டிருந்த நாயை அண்ணாந்து பார்த்தபடி எண்ணியது.

"நாய் ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லை."

"அதுக்குப் பல்லே கிடையாதுங்கம்மா!" என்று பின்னாலிருந்து தையல்காரப் பெண் கத்திவிட்டாள். கூட்டம் சிரித்தது. நீதிபதி அம்மா பேனாவால் மேசையைத் தட்டி அடக்கினார்.

"சரி. கதவு மரமா, இரும்பா?"

அவருக்குத் தெரியாது. அண்ணன்காரனின் வக்கீல் யதேச்சையாகச் செய்வதுபோல மர மேசையை விரல்நுனியால் தடவினார். புரிந்துவிட்டது. 'மரம்' என்று சொல்ல வாயும் திறந்தது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரப் பெண் கண்ணில் பட்டாள். அவசரத்தில் கழற்ற மறந்த அளவு நாடா அவள் கழுத்தில் தொங்கியது. அதன் நுனி படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அறையில் காற்றே இல்லை.

"தெரியாதுங்கம்மா," என்றார் நீதிபதியைப் பார்த்து. "நான் மேல போகவே இல்லை. எதையும் ஒட்டலை."

"இப்பத்தானே ஏறினேன்னு சொன்னீங்க?"

"பயத்துல சொன்னேங்கம்மா."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லைங்கம்மா. கூடியிருக்கு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்கிறவரின் விரல்கள் மட்டும் ஓடின. நீட்டிய காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பழைய தீர்ப்பு ரத்து, வழக்கு முதலிலிருந்து நடக்கும், அதுவரை பெண் வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. "நீங்க வெளியே காத்திருங்க. உங்க விஷயம் தனியா இருக்கு," என்றார் நீதிபதி.

தாழ்வாரத்து பெஞ்சின் ஒரு கோடியில் அவர் உட்கார்ந்தார். மறுகோடியில் அவள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"ரெண்டு மாசமா சாமானெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கேன்," என்றாள் சுவரைப் பார்த்து. "தச்சுக் குடுக்கவேண்டிய துணிகூட அதுக்குள்ளதான் கிடக்கு. ஒரு மாடி ஏறியிருக்கக் கூடாதா?"

அவர் கெண்டைக்கால் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"இனிமே கேஸு நடக்குமில்ல. அண்ணன் கையில பத்திரம் இருக்காம். நான் தோத்துடுவேனா?"

"தெரியலைம்மா. ஆனா உன்னைக் கேட்காம முடிக்க மாட்டாங்க."

கதவைத் திறந்து சேவகர் எட்டிப் பார்த்தார். எப்போதும் நாய்க்கடியாரே என்று கூப்பிடுகிறவர் இன்று சார் போட்டார்.

"சார், உள்ள வரச் சொல்றாங்க."

அவர் பெஞ்சைப் பிடித்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.