தனி ஆவர்த்தனத்தில் நான் வெட்டிய ஆறு நிமிடம்

அன்று மாலை ஏழு மணிக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நான் இறக்கியது நிலைய விதிக்காகவா, என் மகளுக்காகவா? இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

2008இல் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் மாலை அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். மகள் ஜெனிக்கு ஒன்றரை வயது. ஏழு பத்துக்கு ஒலிபரப்பு முடியும். ஏழரைக்குள் காப்பகத்துக்குப் போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் ஓட்டமாக ஓடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கு நேரடிக் கச்சேரி. ஏழு மணிக்கு, குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் பற்றி டாக்டர் ஃபாத்திமாவின் பேச்சு. மிருதங்கம் வாசித்த அன்பழகன் சார் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வானொலியில் அவருக்கு அதுதான் முதல் கச்சேரி.

ஆறு ஐம்பதுக்குப் பாட்டு நின்று, மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. ஐந்து நிமிடம் கழித்து, ‘ஐந்து நிமிடமே உள்ளது’ என்ற அட்டையைக் கண்ணாடி வழியே காட்டினேன். சார் கண்ணை மூடியிருந்தார். பாடகி பார்த்தார், ஆனால் தனி முடியும்வரை தாளம் போடும் கை நிற்கக் கூடாதே! உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான்.

மணி ஏழு. அடுத்த அறையில் டாக்டர் மைக் முன்னால் தயார். கச்சேரியின் ஃபேடரை இறக்கினேன். உள்ளே, ஒலிபரப்பாவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. அது தெரியாமல் சார் வாசித்துக்கொண்டே இருந்தார்.

உடனே தொலைபேசி. பெருங்களத்தூரிலிருந்து அவர் மனைவி.

“இன்னாக்கா இது! எங்க வூட்டுக்காரர் வாசிச்சினு இருந்தாரு, திடீர்னு டாக்டரம்மா பேசுறாங்க? வூடு நெறைய சனம் உக்காந்துகினு கீது!”

ஏதோ சொல்லி ரிசீவரை வைத்தேன். நல்லவேளை, பத்து நிமிடப் பேச்சை டாக்டர் பதற்றத்தில் ஆறே நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டார். “கச்சேரி தொடர்கிறது” என்று அறிவித்து ஃபேடரை ஏற்றினேன். சார் தனியை முடிக்கும் கடைசிக் கோர்வையை மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கச்சிதமாக வந்து சேர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெயிட் பண்ணியிருப்பேனேம்மா,” என்றார் டாக்டர். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சார் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். “மேடம், முழுசா போச்சா?”

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். “இல்ல சார். நடுவுல ஆறு நிமிஷம் போகல. நான்தான் கட் பண்ணேன்.”

சார் பெரிதாகச் சிரித்தார். “அங்கதான் மேடம் ரெண்டு எடத்துல சறுக்குனேன்! காப்பாத்திட்டீங்க. சறுக்குனத வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க.”

கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ஆனால் இத்தனை வருடம் கழித்து, அடுத்த மாதம் மறுபடியும் அவர்தான் வாசிக்க வருகிறார். கண்ணை மூடி வாசிப்பவருக்கு நேரம் முடிகிறது என்று எப்படித் தெரிவிப்பது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தோளைத் தொடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்; எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.