செத்த ஈக்கள் எழுந்த காலை

ஈ ஆய்வகத்துச் சமையற்காரி செத்த ஈக்களை எழுப்பிவிட்டாராம். நாலாவது மாடியில் பத்து ஈ என்று கிளம்பிய பேச்சு, கேண்டீனுக்கு இறங்குவதற்குள் பத்தாயிரம் ஆகியிருந்தது. விசாரித்ததில் பாதி உண்மை: அவர் சமையற்காரிதான்.

மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கூழ் காய்ச்சி, ஈக்கள் வளரும் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவது பதினாறு வருடமாக அவர் வேலை. எல்லோருக்கும் கூழக்கா. அவர் கைப்பக்குவத்தை இதுவரை ஒரு ஈகூடக் குறை சொன்னதில்லை. வீட்டில் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அன்று காலை ஏ.சி. படுத்து அரை மணி நேரம் ஆகி, அறை சூடேறியிருந்தது. கூழக்கா பானையோடு நுழைந்தபோது, பாதுகாப்பு அதிகாரி ஒரு தட்டுக் குப்பிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஈக்கள் மல்லாந்து கிடந்தன.

"எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு. எரிக்க அனுப்பணும்."

கூழக்கா பானையை இறக்கிவைத்துவிட்டு வண்டிக்குக் குறுக்கே நின்றார். அந்தத் தட்டை வைத்துத்தான் ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா இரண்டு வருடமாக ஒரு புரதத்தை ஆராய்கிறார். நரம்பு தன் சேதியைச் சின்னச் சின்னப் பைகளில் அனுப்பும். அடுத்த சேதிக்கு நரம்பின் மேலுறையிலிருந்து புதுப் பைகளைக் கிள்ளியெடுத்துத் தருவது இந்தப் புரதம். கிள்ளாவிட்டால் பை தீரும், ஈ விழும். மனிதரில் இதன் பங்காளிப் புரதம் ஒன்று பழுதானால் கால் தளரும். கூழக்காவின் தம்பிக்கு அந்தக் கோளாறுதான். கைப்பிடி இல்லாமல் படியேற முடியாது. மருந்து இன்னும் இல்லை. தேடுகிற இடம் இந்தத் தட்டு.

"சார், இது சாகல. இந்த வகை ஈக்குச் சூடு பட்டா அந்தப் புரதம் மரத்துப்போகும். குளிர்ந்தா எழுந்துக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

"கூழோட நிறுத்திக்கோங்க கூழக்கா. இதுங்க எழுந்தா ஒரு வாரம் உங்க பானையை நானே கழுவுறேன்."

டாக்டரம்மா ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. கூழக்கா குப்பிகளைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் நிறுத்தினார். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை.

"மாலை வாங்கிட்டு வரவா?" என்றார் அதிகாரி.

அப்போது ஒரு கால் உதறியது. ஒன்று புரண்டது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து, தூங்கி விழித்த காவலாளிபோல ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தோடு கண்ணாடியில் ஏறின. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்தார்.

மாலையில் வீட்டில் கதையைக் கேட்டுத் தம்பி சிரித்தான். "அப்ப என்னையும் தொட்டியில முக்கிடேன்க்கா."

"உன் சைஸுக்குத் தொட்டி இல்லடா. டாக்டரம்மா வேற வழி தேடுறாங்க. தட்டு பத்திரமா இருக்கு."

அதிகாரி முதல் நாள் பானை கழுவினார். அடியில் பிடித்த கூழ் அப்படியே இருந்தது. மறுநாள் முதல் அவருக்கு ஓயாத மீட்டிங். இன்னும் ஆறு நாள் பாக்கி. பானை ஊறிக்கொண்டிருக்கிறது.